ஒருவர் இடுப்பில் இருந்த சாவிக்கொத்து: ஓர் எபிஸ்கோபல் சபையில் பொறுப்புக்கு ஆள் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் சபை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஞாயிறு காலை 8 மணி ஆராதனைக்கு ஏறத்தாழ 15 பேரும், 10 மணி ஆராதனைக்கு 60 பேர் வரையிலும் வருவார்கள். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபைகளின் உலகக் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்த எபிஸ்கோபல் திருச்சபையின் கீழ் இயங்கும் சபை இது. நான் தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவன். 1947இல் உருவான நம் திருச்சபையும் அதே ஐக்கியத்தில் இருப்பதால், இங்கே உறுப்பினராவதற்கு என் பழைய சபையிலிருந்து ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. 2021 முதல் இச்சபையின் நிர்வாகக் குழுவுக்குச் செயலராக இருந்து வருகிறேன். கீழே வரும் முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு நானும் பொறுப்பாளி. சபையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

நிர்வாகக் குழுவை இங்கே வெஸ்ட்ரி என்பார்கள். நம் சேகரக் கமிட்டியைப் போன்றதுதான், ஆனால் அதிகாரம் கூடுதல். சபையின் சொத்துக்குச் சட்டப்படி பொறுப்பேற்பதும், குருவானவரைத் தேடித் தேர்ந்து பேராயரின் இசைவோடு அமர்த்துவதும் இந்தக் குழுவே. ஆராதனையை நடத்தும் அதிகாரம் குருவானவருடையது. வெஸ்ட்ரிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் அவர்தான். ஆனால் கூரை ஒழுகினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பொதுநிலையினர், அதாவது குருப்பட்டம் பெறாத உறுப்பினர்கள். ஒவ்வொரு பேராயரின் கீழும் இயங்கும் நம் திருமண்டலங்களில் ‘லே செயலர்’ என்கிறோமே, அந்த ‘லே’ தான் இது. வெஸ்ட்ரிக்குள் இரண்டு வார்டன்கள் உண்டு. மூத்த வார்டன் குருவானவருக்குத் துணை நிற்பவர்; இளைய வார்டன் வழக்கமாகக் கட்டடத்தைக் கவனிப்பவர். எங்கள் வெஸ்ட்ரியில் 9 பேர்; மூன்றாண்டுத் தவணை; ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசி ஞாயிறன்று நடக்கும் பொதுக்கூட்டத்தில் மூன்று இடங்களுக்குத் தேர்தல்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. விடுதலைப் போர் முடிந்தபோது அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவர்கூட இல்லை. பல இடங்களில் சபைகளைக் கட்டிக்காத்தவர்கள் பொதுநிலையினரே. பிலடெல்பியாவில் குருவானவராக இருந்த வில்லியம் வொயிட், திருச்சபை ஆளுகையில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று 1782இல் ஒரு சிறு நூலில் வாதிட்டார். 1789இல் அதே நகரில் ஏற்கப்பட்ட திருச்சபைச் சட்டம் அந்த வழியிலேயே அமைந்தது. இன்றும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் பொது மாமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்கு, ஒவ்வொரு திருமண்டலமும் குருமாரில் நால்வர், பொதுநிலையினரில் நால்வர் என்ற கணக்கில் அனுப்பலாம். அந்த அவையில் பெண்களுக்கு 1970 வரை இடம் தரப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு அரைகுறையாகிவிடும். 1979ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்திலுள்ள கேள்வி-பதில் வடிவ ஞானோபதேசம், திருச்சபையின் ஊழியர் யார் என்ற கேள்விக்குப் பொதுநிலையினரை முதலில் சொல்லி, அதன் பிறகே பேராயர், குருவானவர், உதவிக்குரு என்று வரிசைப்படுத்துகிறது. ஏட்டில் இப்படி முதலிடம் பெற்றவர்களை ஜனவரி மாதத்தில் தேடிப் பிடிப்பதுதான் கடினமாக இருந்தது.

2023 ஜனவரி: கண்ணில் பட்டவை

எங்கள் இளைய வார்டன் எழுபதைத் தாண்டியவர். பணி ஓய்வு பெற்ற மின்பணியாளர். பெயருக்கு இடையிடையே வேறொருவர் வார்டனாக இருந்திருக்கிறார் என்றாலும், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டடம் அவர் கையில்தான் இருந்தது. 2022 கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஜனவரி இரண்டாம் ஞாயிறு காலை 8 மணி ஆராதனைக்கு வந்தவர்கள் மேலங்கியைக் கழற்றாமலே திருவிருந்து பெற்றார்கள். நிலவறையில் இருந்த நீராவி பாய்லர் இரவில் எப்போதோ அணைந்துபோயிருந்தது. எந்தச் சாவி அந்தக் கதவுக்குரியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர் மனைவியிடமிருந்து வாங்கிவந்த கொத்தில் 31 சாவிகள் இருந்தன. எதிலும் சீட்டு ஒட்டப்படவில்லை. தேவையும் இருந்திருக்காது, அவர் விரலுக்கு அவை தெரியும்.

மறுநாள் வந்த பழுதுபார்ப்பவர், நீர் குறைந்தால் பாய்லரைத் தானே அணைத்துவிடும் கருவியின் அடியில் சேறு கட்டியிருப்பதைக் காட்டினார். குளிர்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை ஒரு வாளியை வைத்து அந்தக் குழாயைத் திறந்து சேற்று நீரை வெளியேற்றிவிட்டு, கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். “இதை யார் செய்கிறீர்கள்?” என்று கேட்டார். நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் கைவிளக்கைச் சுவரின் பக்கம் திருப்பினார். வெள்ளையடித்த செங்கல்லின் மேல் பென்சிலால் தேதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, 2006 நவம்பரிலிருந்து, ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. கடைசித் தேதி டிசம்பர் 24.

அதே நாட்களில் வரவேற்பறைப் பலகையில் இன்னொரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. வெஸ்ட்ரியில் காலியாகும் மூன்று இடங்களுக்கு விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதலாம் என்ற அறிவிப்பு, நான்தான் ஒட்டியிருந்தேன். டிசம்பர் முதல் ஆறு ஞாயிறுகள் ஆராதனை முடிவிலும் வாசித்தேன். கடைசியில் அதில் ஒரே பெயர் இருந்தது. அதுவும், இரண்டு தவணை முடித்து ஓய்வு கேட்டிருந்த ஒரு அம்மையாருடையது. தாள் வெறுமையாக இருப்பதைக் காணப் பொறுக்காமல் எழுதினாராம். பொதுக்கூட்டம் அவரை ஓராண்டுக்கு மட்டும் தேர்ந்தெடுத்தது. இரண்டு இடங்கள் காலியாகவே நின்றன.

பிப்ரவரி: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பிப்ரவரி வெஸ்ட்ரிக் கூட்டத்தில் முதலில் எழுந்த குரல் வழக்கமானதே: “இந்தக் காலத்தில் யாருக்கும் அக்கறை இல்லை.” எங்கள் குருவானவர், சபைக்கு வந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு பெண்மணி, அதை மறுக்காமல் ஒரு வேலை கொடுத்தார். கடந்த மாதத்தில் சபைக்காக நாங்கள் செய்த ஒவ்வொரு வேலையையும், கதவு பூட்டியது வரைக்கும், எழுதிக் கொண்டுவரச் சொன்னார். இளைய வார்டனுக்காக அவர் மனைவி எழுதித் தந்தார். எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டச்சு செய்தபோது நான்கு பக்கங்கள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ இரண்டு பக்கங்கள் அந்த ஒருவருடையவை. கூரைத் தளத்தில் இலை அள்ளுவது, பனி தள்ளும் ஆளுக்குத் தொலைபேசி செய்வது, பாடகர் குழு அறையில் எலிப்பொறி வைப்பது என்று நீண்டது பட்டியல். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு, இளைய வார்டனாக வர யாரும் முன்வராததில் எனக்கு வியப்பு இருக்கவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு பதவிக்கு ஆள் அல்ல. இன்னொருவருடைய முழு வாழ்க்கையை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள ஆள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதன்மேல் மூன்று முடிவுகள் எடுத்தோம். வெஸ்ட்ரியில் இருப்பதையும் கையால் செய்யும் வேலையையும் பிரிப்பது முதலாவது. வெஸ்ட்ரி உறுப்பினர் கூட்டத்துக்கு வர வேண்டும், கணக்கைப் படிக்க வேண்டும், வாக்களிக்க வேண்டும். குழாய் மாற்றுவது அவர் கடமையல்ல. கட்டட வேலைக்குத் தனிக்குழு. இரண்டாவது, பலகையில் தாள் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, நான் உட்பட மூவர் கொண்ட ஒரு குழு ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்துப் பேசுவது. மேடையிலிருந்து எல்லாரையும் பார்த்துக் கேட்கும்போது யாரையும் கேட்டதாக ஆகாது என்பது குருவானவரின் கருத்து. கல்யாணத்துக்கு நேரில் போய் அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு, வரவில்லையே என்று குறைபடும் கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மூன்றாவது, சாவிகளைப் பிரித்துச் சீட்டு ஒட்டி, இரண்டு படிகள் எடுத்து, அலுவலகத்தில் ஒரு பெட்டியில் வைப்பது. முதல் இரண்டையும் விவாதித்து முடிவு செய்தோம். மூன்றாவதை விவாதமே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் நிறைவேற்றினோம். பிற்பாடு புண்பட்டது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

வீடு வீடாகக் கேட்டவை

பிப்ரவரி முதல் மே வரை 22 பேருடன் பேசினோம். பெரும்பாலும் அவர்கள் வீட்டிலோ ஒரு காப்பிக் கடையிலோ, முக்கால் மணி நேரம். பதவியைப் பற்றிப் பேச்செடுக்காமல், சபையில் எது பிடித்திருக்கிறது, எந்த வேலையைச் செய்தால் அலுப்புத் தட்டாது என்று கேட்பதே எங்களுக்குள் ஒப்பந்தம். ‘முடியாது’ என்று சொன்னால் மறுமுறை வற்புறுத்துவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

அதிகமாகக் கேட்ட வாக்கியம், “என்னை இதுவரை யாரும் கேட்கவில்லையே” என்பது. ஒன்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஒருவர் தன்னைப் புதியவராகவே எண்ணிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் வேலையில் மூழ்கியிருப்பார் என்று நாங்களாகவே முடிவு கட்டி அணுகாமல் இருந்திருக்கிறோம். அவரோ, கணக்குப் பக்கம் ஏற்கெனவே ஆள் இருக்கும்போது தானாகப் போய் நின்றால் சந்தேகப்படுவதுபோல் ஆகும் என்று ஒதுங்கியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். சுவரிலுள்ள பித்தளைப் பலகைகளில் பெயர் பொறித்த பழைய குடும்பங்களுக்கே வெஸ்ட்ரி உரியது என்று நினைத்திருந்தார்களாம். திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்த எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் கட்சி கட்டி நிற்கும் ஊரிலிருந்து வந்தவன் நான், இங்கே நிற்க ஆளில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

மற்றொரு தயக்கம் இதைவிடக் கூர்மையானது. “உள்ளே போனால் வெளியே வர வழி இருக்கிறதா?” என்று ஓர் இளம் தாய் கேட்டார். ஞாயிறு பள்ளிக்கு இரண்டு மாதம் உதவுவதாக ஒத்துக்கொண்ட தன் தோழி ஆறாண்டுகள் கழித்து ஊர் மாறிப் போனபோதுதான் விடுபட்டதாகச் சொன்னார். இதைக் கேட்ட பிறகு ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதினோம்: என்ன வேலை, மாதத்துக்கு எத்தனை மணி நேரம், யாரிடம் கேட்கலாம், எந்தத் தேதியில் முடிகிறது. முடியும் தேதியைத்தான் எல்லாரும் முதலில் பார்த்தார்கள்.

ஏப்ரல்: குருத்தோலை ஞாயிறு

அறுவை சிகிச்சை தேறிய இளைய வார்டன், ஏப்ரல் 2ஆம் தேதி குருத்தோலை ஞாயிறன்று காலை ஏழு மணிக்கே வந்திருந்தார். முந்தைய நாள் வந்திறங்கிய ஓலைக் கட்டுகளைக் கிடங்கிலிருந்து எடுத்து வைப்பது எந்த ஆண்டும் அவர் வேலை. அவருடைய சாவி பூட்டில் நுழையவில்லை. கிடங்குப் பூட்டு பழுதாகிவிட்டது என்று மார்ச்சில் புதுப்பூட்டுப் போட்டிருந்தோம். அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கதவருகே கையில் கொத்துடன் நின்றிருந்தார். “நான் செத்துப்போயிட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார், கொத்தை ஜன்னல் திட்டில் வைத்தார், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய வெள்ளிக்கும் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. ஐந்து ஞாயிறுகள் அவரும் அவர் மனைவியும் உட்காரும் இருக்கை காலியாக இருந்தது.

பாதுகாப்பு நோக்கில் நாங்கள் செய்தது சரிதான் என்று வெஸ்ட்ரியில் சிலர் வாதிட்டார்கள். வேலை சரி, செய்த விதம் சரியில்லை என்பது என் கருத்து. அவர் படுக்கையில் இருந்த மூன்று மாதங்களில் பூங்கொத்து அனுப்பினோம், ஜெபித்தோம், உணவு சமைத்து முறை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பதினைந்தாண்டு வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க யாரும் அவர் வீட்டுப் படியேறவில்லை. அவருடைய அறிவு தேவைப்பட்ட நேரத்தில் பழுதுபார்ப்பவருக்குக் காசு கொடுத்தோம்.

குருவானவர் மே மாத முதல் வாரத்தில் தனியாகப் போய் அவரைப் பார்த்தார். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் நான் போனேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளாமல், பாய்லரைக் கற்றுக்கொள்ளப் போகிறவர் யார் என்று கேட்டார். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, கட்டடக் குழுவில் சேர்ந்திருந்த இருவரை நிலவறைக்கு அழைத்துப்போய் இரண்டரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒருவர் இருபத்தாறு வயதுப் பெண். வாளியில் விழும் நீர் பழுப்பிலிருந்து தெளியும் வரை குழாயை மூடக் கூடாது என்பதை அவர் கையைப் பிடித்தே காட்டினார். வார்டன் பதவிக்குத் திரும்ப மாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

ஜூன் முதல் நவம்பர் வரை: என் தவறு

காலியாக இருந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்கு, ஜூன் மாதம் ஒரு செவிலியரை நியமித்தோம். பார்படோஸில் ஆங்கிலிக்கனாக வளர்ந்தவர். எங்கள் சபைக்கு வந்து ஒன்றரை ஆண்டு. அவரைச் சந்தித்துப் பேசியவன் நான். என்ன செய்ய விருப்பம் என்று கேட்டபோது, ஆராதனைக்கு வர முடியாத முதியவர்களை வீட்டில் போய்ப் பார்க்க விரும்புவதாகத் தெளிவாகச் சொன்னார். என் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். ஆனால் வெஸ்ட்ரியில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லையே, ஒருவர் சேர்ந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதை விட்டுவிட்டு, எனக்கு வேண்டியதை அவர் தலையில் வைத்தேன். மரியாதைக்காக ஒத்துக்கொண்டார்.

கூட்டங்கள் செவ்வாய் இரவு 7.30க்கு, அவருக்கு வாரத்தில் மூன்று இரவுப் பணி. முதல் நான்கு கூட்டங்களில் இரண்டுக்கு வந்தார். வந்தவற்றிலும் கூரைக் காப்பீடு, நிதிநிலை அறிக்கை என்று பேசியதால் அவர் வாய் திறக்க இடமே இருக்கவில்லை. போதாக்குறைக்கு, ஆராதனைக்குப் பின்னான காப்பி உபசரிப்பை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் அவரிடம் போய்ச் சேர்ந்தது. யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. நவம்பரில் ஒரு பத்தி நீளக் கடிதம் தந்து விலகினார். கடிதத்தில் குறை ஒன்றும் இல்லை, அதுதான் வலித்தது.

குருவானவர் அவரிடம் பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். திருவிருந்தில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பத்தையும் ரசத்தையும், ஆராதனை முடிந்த கையோடு, நோயால் வர முடியாதவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் பொதுநிலை ஊழியம் எபிஸ்கோபல் திருச்சபையில் உண்டு. திடப்படுத்தப்பட்டு நல்ல நிலையிலுள்ள உறுப்பினர் ஒருவரைக் குருவானவர் பரிந்துரைக்க, பயிற்சிக்குப் பின் பேராயர் உரிமம் வழங்குகிறார். 2024 தவக்காலத்தில் செவிலியருக்கு அந்த உரிமம் கிடைத்தது. இரவுப் பணி முடிந்த ஞாயிறுகளில்கூட, தோல் உறையிட்ட சிறு பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு 10 மணி ஆராதனையிலிருந்து நேராகக் கிளம்பிவிடுகிறார். முதல் மாதத்தில் அவர் போன வீடுகளில் ஒன்று, முழங்கால் வீங்கிப் படுத்திருந்த எங்கள் பழைய இளைய வார்டனுடையது.

விளைவு

2024 ஜனவரிப் பொதுக்கூட்டத்தில் நான்கு இடங்களுக்கு ஐந்து பேர் நின்றார்கள். நான் அறிய இச்சபையில் வாக்குச்சீட்டு தேவைப்பட்டது அதுவே முதல் முறை. சீட்டு அச்சடிக்க மறந்து, ஆராதனைத் தாளின் பின்புறத்தைக் கிழித்துக் கொடுத்தோம். நேரில் போய் அழைத்தவர்களில் ஒருவர் தோற்றார். போட்டி இருக்கும் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அழைத்தும் வந்து, வேண்டாம் என்றும் சொன்னதாக அவருக்குப் பட்டது. கட்டடக் குழுவில் இருக்கிறார், ஆனால் என்னிடம் பேச்சு முன்புபோல் இல்லை.

கட்டடக் குழுவில் ஏழு பேர். பழைய இரண்டு பக்கப் பட்டியலில் பாதிக்கு மேல் அவர்களுக்குள் பிரிந்துவிட்டது. சிலவற்றைச் செய்யாமலே விட்டோம், யாருக்கும் குறை தெரியவில்லை. நிலவறைச் சுவரில் 2022 டிசம்பர் 24க்குக் கீழே மாதக்கணக்கான வெற்றிடம்; அதன்பின் 2023 அக்டோபரிலிருந்து தேதிகள் வேறு இரண்டு கையெழுத்துகளில் தொடர்கின்றன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒருவர் நோயுற்றால் அவர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் முன், பூட்டை மாற்றுவதானாலும், அவரிடம் போய்ச் சொல்வதை வெஸ்ட்ரியின் நடைமுறைக் குறிப்பில் எழுதிச் சேர்த்துவிட்டோம். சந்திப்புக்குப் போகிறவர், காலியான இடங்களின் பட்டியலைக் கையில் கொண்டுபோகக் கூடாது என்றும் முடிவு. என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. போட்டி இருந்தால் வேட்பாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். செவ்வாய் இரவுக் கூட்டத்தை ஞாயிறு மதியத்துக்கு மாற்றும் யோசனை இருமுறை வந்து இருமுறையும் தோற்றுவிட்டது. சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஞாயிறு மதியமும் கடினம்.

தீராத விஷயம் பொருளாளருடையது. 14 ஆண்டுகளாக ஒரே மனிதர். நேர்மையில் யாருக்கும் ஐயமில்லை. திருச்சபைச் சட்டப்படி முந்தைய ஆண்டுக் கணக்கின் தணிக்கை அறிக்கை செப்டம்பர் 1க்குள் பேராயர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆனால் சபையின் கணக்கு மென்பொருளுக்கான கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும் என்பது கடந்த மார்ச்சில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இம்முறை தீர்மானம் போடவில்லை. குருவானவரும் நானும் அவர் வீட்டுக்குப் போய், ஓய்வுபெற்ற கணக்காளரைக் கூட வைத்துக்கொண்டு ஓராண்டு கற்றுத்தர இயலுமா என்று கேட்டோம். “அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்றார். காப்பி வந்தது, குடித்தோம், வேறு பேசினோம். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது மாத முதல் சனிக்கிழமை, அன்று அந்தக் கணக்காளரை வேண்டுமானால் வந்து உட்காரச் சொல்லுங்கள் என்றார். இதுவரை இரண்டு சனிக்கிழமைகள் போயிருக்கிறார்.